கை நீட்டினால் நாய் நழுவுகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

கூப்பிட்டால் ஓடி வருகிறது. வாலை ஆட்டுகிறது. காலடியில் வந்து படுத்தும் கொள்கிறது. ஆனால் தலையைத் தடவலாம் என்று கையை நீட்டினால் மட்டும் கழுத்தை வளைத்து நழுவி, கைக்கு எட்டாத தூரத்தில் போய் நின்றுகொண்டு பார்க்கிறது. "என்னை இதற்குப் பிடிக்கவில்லை போல" என்று மனம் நொந்துபோகாதீர்கள். பிடிக்காத ஆளின் காலடியில் நாய் வந்து படுக்காது. உங்கள் கை வந்த பிறகு நடக்கும் ஏதோ ஒன்றுதான் அதற்குப் பிடிக்கவில்லை. அது என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டுப் பொம்மியை வைத்துக் கற்றுக்கொண்டதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன். தடுப்பூசி, உணவு, நடை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: திடீரென்று வந்ததா, எப்போதுமே இப்படியா?

நேற்றுவரை மடியில் கிடந்த நாய் இன்று தொட விடவில்லை என்றால் பயிற்சி, பாசம் என்று எதையும் யோசிக்க வேண்டாம். வலி என்றே வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டுத் தேய்மானம், கழுத்து எலும்பில் பிடிப்பு, ஒவ்வாமையால் வெந்துபோன தோல், உண்ணி கடித்துப் புண்ணான இடம் என்று எதுவாகவும் இருக்கலாம். வயதான நாய் என்றால் கண்ணும் காதும் மங்கியிருக்கும். கை வருவது கடைசி நொடியில்தான் தெரிந்து திடுக்கிடும்.

வலி இருந்தால் நாய் கத்தும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பெரும்பாலும் கத்தாது. மாடிப்படி முன்னால் ஒரு கணம் தயங்கும், ஒரு பக்கமாகவே படுக்கும், கெட்டியான தீனியை வாயிலிருந்து கீழே போட்டுப் போட்டுச் சாப்பிடும். காதுமடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ, பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான அழுக்கோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும் முன் வீட்டில் நாய் நடப்பது, எழுவது, உட்காருவது எல்லாவற்றையும் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஏற்றியதும் பயத்தில் உடம்பு விறைத்து, வீட்டில் நொண்டிய கால் அங்கே நொண்டாது. அதுவரை தாங்கட்டும் என்று நாம் சாப்பிடும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

பொம்மிக்கு இருந்தது காதுச் சீழ். சொட்டு மருந்தில் காது ஆறியது, வாடையும் போனது. ஆனாலும் கை நீட்டினால் ஓடினாள். காரணம் யோசித்தால் எளிது. தினமும் காலையும் மாலையும் ஒரு கை வந்து காதைப் பிடித்தது, குளிர்ந்த மருந்து உள்ளே இறங்கியது. காது ஆறினாலும் அந்தக் கை அவளுக்கு மறக்கவில்லை. "டாக்டர் எல்லாம் சரி என்கிறார், ஆனாலும் தொட விடவில்லை" என்பவர்களுக்கு மீதிப் படிகள்.

படி 2: கையை நீட்டுங்கள், படம் பிடியுங்கள்

போனை நாயின் உயரத்துக்கு எதன்மேலாவது சாய்த்து வைத்து, ஸ்லோ மோஷனில் ஒரு முறை கையை நீட்டிப் பாருங்கள். ஒரு முறை போதும், திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டாம். நம் கண்ணுக்கு "சட்டென்று விலகியது" என்று தெரிவது படத்தில் ஒரு நீண்ட வரிசையாகத் தெரியும். பொம்மி படத்தில் கை இன்னும் ஒரு அடி தள்ளி இருக்கும்போதே திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது. நாக்கு நுனி வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறது. காதுகள் பின்னால் படிகின்றன. உடம்பின் பாரம் பின்னங்கால்களுக்குப் போகிறது. அப்புறம்தான் தலை திரும்புகிறது. இத்தனையும் நடக்கும்போது வால் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது! வால் ஆடினால் சந்தோஷம் என்று கணக்குப் போடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இந்த வரிசையை ஓர் ஏணியாகவே வரைந்து காட்டியிருக்கிறார். அடியில் கண் சிமிட்டல், கொட்டாவி, மூக்கை நக்குதல். அதற்கு மேல் முகம் திருப்புதல், உடம்பைத் திருப்புதல், விலகிப் போதல். இன்னும் மேலே போனால் பதுங்குதல், விறைத்து முறைத்தல், உறுமல், காற்றில் கவ்வுதல், கடைசியில் கடி. விலகிப் போகிற உங்கள் நாய் இன்னும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அதைத் துரத்திப் பிடித்துத் தடவினால் அடுத்த படிக்கு நீங்களே ஏற்றிவிடுகிறீர்கள். உறுமினால் அதட்டுவதும் வேண்டாம். அதட்டினால் உறுமல் நிற்கும், உள்ளே இருக்கும் பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் பதியும்.

படி 3: எந்த இடம், எந்த நேரம், எந்தக் கை

ஒரு வாரம் சும்மா கவனித்து எழுதி வையுங்கள். எல்லா இடத்திலும் விலகுகிறதா, தலை உச்சியில் மட்டுமா? நின்றுகொண்டு குனிந்தால் மட்டுமா, தரையில் உட்கார்ந்திருந்தாலுமா? தூங்கும்போதா? எல்லாரிடமுமா, ஒருவரிடம் மட்டுமா? கையில் சானிடைசரோ வாசனைக் கிரீமோ இருக்கிறதா?

பெரும்பாலான நாய்களுக்குத் தலைக்கு மேலிருந்து இறங்கும் கை பிடிப்பதில்லை. பாதம், வால், காது நுனி அதைவிட மோசம். நெஞ்சும் தோள்பட்டையின் பக்கவாட்டும் பரவாயில்லை. கட்டிப்பிடிப்பதும் நமக்குத்தான் பாசம். உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 2016ல், நாய்களை மனிதர்கள் கட்டிப்பிடித்திருக்கும் 250 படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் பார்த்து, அவற்றில் சுமார் 82 சதவீத நாய்களிடம் ஏதோ ஒரு பதற்ற அறிகுறி இருந்ததாக எழுதினார். முறையான ஆய்விதழில் வந்ததல்ல, ஒரு கட்டுரைதான். அதனால் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் போனில் இருக்கும் படங்களையே ஒருமுறை திறந்து நாயின் கண்ணையும் காதையும் பாருங்கள், போதும்.

தத்தெடுத்த நாய் என்றால் "யாரோ அடித்திருக்கிறார்கள்" என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அடி வாங்கியும் இருக்கலாம். ஆனால் பிறந்து ஏறத்தாழ 3 முதல் 14 வாரத்துக்குள் மனிதக் கை பழகாமல் வளர்ந்த குட்டியும் பெரிதானபின் அதே மாதிரிதான் பதுங்கும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான் என்பதால் பழைய கதையைத் துருவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படி 4: மூன்று நொடிச் சோதனை

நாய்க்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். அதுவாக வரட்டும். வந்தால் நெஞ்சிலோ தோளிலோ மூன்று நொடி மெல்லச் சொறிந்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் கையை முட்டினால், உங்கள்மேல் சாய்ந்தால் சம்மதம். இன்னும் மூன்று நொடி. உடம்பை உதறினால், வாயை நக்கினால், எழுந்து போனால் இல்லை என்று பொருள். அசையாமல் அப்படியே இருந்தால்? அதையும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வராத நாய்க்கு அடுத்த படி.

படி 5: முதலில் கை, பிறகு தீனி

இந்தப் படியில்தான் எங்கள் வண்டி ரொம்ப நாள் நின்றது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கையைப் பற்றிய பயத்தைப் போக்க, கை வந்தால் நல்லது நடக்கும் என்று நாய் கற்றுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் எல்லாரும் செய்வது, ஒரு கையில் தீனியைக் காட்டி வரவழைத்து, நாய் அதைத் தின்னும்போது மறு கையால் தடவுவது. நாய் வரும்தான். எப்படி வருகிறது என்று பாருங்கள். பின்னங்கால்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், கழுத்து மட்டும் நீளும், தீனியைக் கவ்விய வேகத்தில் பின்னால் பாயும். நாலு நாள் இப்படிச் செய்தால், தீனியைப் பார்த்தாலே "இப்போது பிடிக்கப் போகிறார்கள்" என்று புரிந்துகொண்டு அதற்கும் வராது. இருந்த ஒரு நல்ல பொருளும் கெட்டுப்போகும்.

நாய்களை வைத்து இதைச் சோதித்துக் காட்டிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்தான்: மணி முன்னால் அடிக்க வேண்டும், சாப்பாடு பின்னால் வர வேண்டும். மாற்றிச் செய்தால் மணிக்கு மதிப்பு வராது. நம் கதையில் கைதான் மணி. ஆகவே:

தீனி கையில் இருக்கக் கூடாது, பையிலும் வேண்டாம். பின்னால் ஒரு மூடிய கிண்ணத்தில் இருக்கட்டும். நாய் எங்கே நிம்மதியாக நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். மடியில் இருக்கும் உங்கள் கையை நாய் இருக்கும் பக்கம் நாலு விரல் அகலம் மட்டும் நகர்த்துங்கள். மறுபடி மடிக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நொடி விடுங்கள். அதன்பிறகு கிண்ணத்துக்குக் கையைக் கொண்டுபோய், ஒரு துண்டு எடுத்து நாயின் அருகே தரையில் போடுங்கள். தொடவே இல்லை, கவனியுங்கள். இப்படி ஐந்தாறு முறை செய்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். நன்றாகப் போகிறதே என்று இழுத்தடிக்க வேண்டாம்.

கை நகர்வதும் தீனி எடுப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் நாய் தீனியை மட்டும்தான் பார்க்கும். அந்த ஒரு நொடி இடைவெளிதான் இதில் உயிர்நாடி. உங்களால் நிதானிக்க முடியவில்லை என்றால் வாய்க்குள் ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கை நகர்ந்ததும் நாய் பின்வாங்காமல், சட்டென்று கிண்ணத்தையோ உங்கள் முகத்தையோ ஆவலாகப் பார்த்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் தூரத்தைக் கூட்டலாம். அரைக்கை நீளம், முழுக்கை, தோள்மேல் விரல் நுனி பட்டும் படாமல், ஒரு நொடித் தொடுதல், இரண்டு நொடி. எந்தக் கட்டத்திலாவது நாக்கு மூக்குக்குப் போனால் முந்தின கட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். பொம்மி தோள் வரைக்கும் சீக்கிரம் வந்துவிட்டாள். கழுத்திலிருந்து காதுக்குப் போவதற்கு மட்டும் பல வாரம் பிடித்தது.

இதற்கிடையில் மருந்து போட வேண்டியிருந்தால்? போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கென்று ஒரு தனிப் பாய், ஒரு தனிச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பாயை விரித்து "மருந்து" என்று சொன்னால் மட்டுமே அது நடக்கும், மற்ற நேரத்துக் கையால் ஆபத்தில்லை என்று நாய் பிரித்துப் பார்த்துக்கொள்ளும். தடவுவதுபோல் ஏமாற்றிப் பிடித்து மருந்து ஊற்றினால் முழுப் பாடமும் பாழ்.

படி 6: காலர், நகம், காது

இவற்றுக்குப் பயிற்சியாளர் சிராக் படேலின் வாளி விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. தீனி நிறைந்த சின்ன வாளியை முன்னால் வையுங்கள். நாய் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நீங்கள் வேலை செய்யலாம், நடுநடுவே தீனி கொடுக்கலாம். கண்ணை வாளியிலிருந்து எடுத்த அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த நாய் ஓடுவதில்லை.

பொருட்கள் பற்றி என் கருத்து

கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் போடும் சின்னப் பயிற்சிக் கருவி) வேண்டாம். இருக்கும் இரண்டு கையே போதவில்லை. "சரி" என்ற ஒரு சொல் போதும். கம்பிப்பல் சீப்புக்குப் பதில் ரப்பர் பிரஷ். தலை வழியாக மாட்டும் ஹார்னெஸ்ஸுக்கு (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) பதில் பக்கவாட்டில் கொக்கி போடுவது. தீனி வேகவைத்த கோழித் துண்டு, பட்டாணியில் பாதி அளவு. அதைவிடப் பெரிதாக இருந்தால் மென்றுகொண்டே பாடத்தை மறந்துவிடும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு சேர்க்காததா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம். சாக்லேட், உலர்திராட்சையும் கூடாது. மின்னதிர்ச்சிக் காலர், முள் காலர் எல்லாம் தூக்கிப் போடுங்கள். தொட்டால் வலிக்கும் என்று நினைக்கும் நாய்க்கு, ஆமாம் வலிக்கும்தான் என்று நிரூபிப்பது அது.

பிற்சேர்க்கை 1: "தொட்டதும் மல்லாந்து வயிற்றைக் காட்டுகிறது, அப்படியென்றால் தடவலாம்தானே?" என்று பலர் கேட்டிருந்தார்கள். உடம்பு தளர்ந்து, வாய் திறந்து, புரண்டு விளையாடினால் தடவலாம். வாய் மூடி, வால் அடிவயிற்றோடு ஒட்டி, கண் வெள்ளை தெரிந்தால் அது "விட்டுவிடு" என்ற கெஞ்சல். கையை எடுங்கள்.

பிற்சேர்க்கை 2: காலையில் தொட விடுகிறது, மாலையில் விடுவதில்லை என்று ஒருவர். அன்றைக்கு இடி, விருந்தினர், நகம் வெட்டல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏதாவது நடந்ததா என்று பாருங்கள். அப்படிப்பட்ட நாளில் பயிற்சிக்கு விடுமுறை. எதுவும் நடக்காமல் தினமும் மாலையில் மட்டும் என்றால் மூட்டுவலியைச் சந்தேகித்துப் படி 1க்குத் திரும்புங்கள்.

பிற்சேர்க்கை 3: வறண்ட பருவத்தில் கம்பளி விரிப்பில் நடந்துவிட்டுத் தொட்டால் நிலைமின்சாரம் சுரீரென்று அடிக்கும் என்று ஒரு வாசகர் நினைவூட்டினார். என் பட்டியலில் இது இல்லை. தொடுவதற்கு முன் ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள்.

பிற்சேர்க்கை 4: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, நாய் ஏற்கெனவே உறுமத் தொடங்கிவிட்டது என்றால் இந்தப் பதிவை வைத்து நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். குழந்தையையும் நாயையும் கதவோ தடுப்போ போட்டுப் பிரித்து வைத்துவிட்டு, நாய் நடத்தையில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரைப் பாருங்கள். கூடை மாதிரியான வாய்க்கவசத்தை இப்போதே தீனி வைத்துப் பழக்கிவிட்டால் அங்கே பரிசோதனைக்கும் உதவும். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் இடம் இருக்கும். துணியால் இறுக்கிக் கட்டுவதில் அது முடியாது.