பழைய கார் வெயில்ல சூடேறுதா? ரேடியேட்டர்ல பதரு இருக்கான்னு பாருங்க

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் பழைய மாருதி 800 வச்சிருக்கவங்க கவனிங்க, அறுப்பு நேரத்துல ரோட்டுல நெல்லு காயப்போட்டு தூத்துறப்ப பறக்குற பதரும் தூசியும் ரேடியேட்டர் (இஞ்சின் தண்ணிய ஆத்துற பாகம்) தகட்டு இடுக்குல போய் அப்பிக்கிட்டு, சித்திரை வெயில் வந்ததும்தான் வேலையக் காட்டும். ஓடுறப்ப நல்லா இருந்து ரயில்வே கேட்ல நின்னா மட்டும் டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு ஏறுதுன்னா ரேடியேட்டர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க, சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, தெர்மோ சுவிட்ச் (சூடேறினா ஃபேனப் போட்டு விடுற சுவிட்ச்), இல்லன்னா மோட்டாரே போயிருக்கும்; வேகமா போறப்பவும் ஏறுதுன்னா பெரும்பாலும் அடைப்புதான். இஞ்சின் நல்லா ஆறினப்புறம் உள்பக்கத்துலேர்ந்து முன்பக்கமா தண்ணிய மெதுவா அடிங்க, வேகமா பீச்சினா தகடு மடங்கிடும், பாவம் அது ரொம்ப மெலிசு. ரேடியேட்டருக்குள்ள போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, உப்பு படியும், கூலண்ட்டும் (இஞ்சின் சூட்டத் தணிக்க ஊத்துற திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி போதும். சூடா இருக்கப்ப ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறந்துடாதீங்க, கொதிதண்ணி மூஞ்சிலயே அடிக்கும்.