புல்பப் துப்பாக்கியைத் தோளில் வைக்கும் முன்: மருமகனுக்குச் சொன்னது

இங்கே சிங்கப்பூரில் அக்கா மகன் அடுத்த மாதம் தேசிய சேவைக்காக, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்காக, தெக்கோங் தீவுக்குப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "மாமா, நம்ம ராணுவத் துப்பாக்கி எஸ்ஏஆர் 21 ஏன் பாதி வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு? தோட்டா நிரப்பும் மேகசின் அக்குள் பக்கம் போயிருக்கே?" பதில் சொல்ல ஆரம்பித்தேன், சட்னி காய்ந்துபோகும்வரை நிறுத்தவில்லை. அவனைப் போல முதன்முறை கையில் வாங்கப் போகும் தம்பிகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் 1996-ல் சேர்ந்தவன். எங்களுக்குக் கொடுத்தது எம்16எஸ்1, பழைய வடிவ எம்16 ரைஃபிள். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். 2003-ல் மறுபயிற்சிக்குக் கூப்பிட்டபோது கிடங்கு ஜன்னல் வழியாக எஸ்ஏஆர் 21-ஐ நீட்டினார்கள். சுடுதளத்தில் தோட்டா தீர்ந்ததும் என் இடது கை பழைய வழக்கப்படி டிரிக்கருக்கு முன்னால் போய்த் துழாவியது. அங்கே ஒன்றுமில்லை. மேகசின் என் முழங்கைக்குக் கீழே சும்மா இருந்தது. பக்கத்துத் தடத்தில் நின்ற சார்ஜன்ட் பையன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே முதலில் கண்ணுக்குப் பழக்குங்கள். சாதாரண ரைஃபிளில் மேகசினும் தோட்டா அறையும் டிரிக்கருக்கு முன்னால் இருக்கும். தோளில் பதியும் அடிக்கட்டை பெரும்பாலும் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். புல்பப் அந்தச் சும்மா இடத்துக்குள் இயந்திரம் முழுவதையும் தள்ளிவிடுகிறது. டிரிக்கருக்குப் பின்னால் மேகசின் இருந்தால் புல்பப், அவ்வளவுதான் அடையாளம். இனிமேல் நான் சொல்லப்போகும் நல்லது, கெட்டது, எரிச்சல் எல்லாமே இந்த ஒரு இடமாற்றத்தால் வருவதுதான்.

லாபம் என்ன என்று அளவிலேயே பாருங்கள். எம்16-ன் குழல் 508 மில்லிமீட்டர், மொத்த நீளம் சுமார் 990. எஸ்ஏஆர் 21-க்கும் அதே 508 குழல்தான், மொத்தம் 805. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். குட்டையாக்க இன்னொரு வழி குழலையே வெட்டுவது. அமெரிக்க எம்4 அப்படித்தான்: குழல் 368, அடிக்கட்டையை முழுதாக இழுத்தால் 838. அப்போதும் நம்முடையதைவிட நீளம், குழலோ கட்டை. 5.56 மில்லிமீட்டர் போன்ற சின்னத் தோட்டாவுக்கு வேகம்தான் பலம், அந்த வேகம் குழலின் நீளத்தில்தான் ஏறுகிறது. கவச வண்டியின் பின்கதவு வழியாக எட்டுப் பேர் முட்டி மோதி இறங்கும்போதும், முராய் பயிற்சி நகரத்தின் படிக்கட்டு வளைவில் திரும்பும்போதும் அந்த ஒரு சாண் எவ்வளவு பெரியது என்று தெரியும். எம்16 காலத்தில் நான் கதவுச் சட்டத்தில் குழல்வாயை இடிக்காத நாளே இல்லை.

சின்னதாக இருக்கிறதே, லேசாக இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். எம்16 காலியாக மூன்று கிலோவுக்குள். எஸ்ஏஆர் 21 சுமார் 3.8. ஆனால் தோளில் வைத்தால் லேசாகத் தோன்றும், காரணம் எடை முழுக்க உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கிய அஞ்சு கிலோ அரிசிப் பையைக் கையை நீட்டிப் பிடியுங்கள், அப்புறம் மார்போடு அணைத்துப் பிடியுங்கள், புரிந்துவிடும். பிடியை வலது கையால் இறுக்கி, அடிக்கட்டையைத் தோள் குழியில் பதித்தால் இடது கையை எடுத்துவிட்டுக் கதவைத் திறக்கலாம், துப்பாக்கி தலை கவிழாது. இடது கையை அதிகம் முன்னால் நீட்ட வேண்டாம். குட்டைத் துப்பாக்கியில் குழல்வாய் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எடுக்கும்போதும் இறக்கும்போதும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம்; குட்டையானது நீளமானதைவிடச் சுலபமாகப் பக்கத்து ஆளின் காலை நோக்கித் திரும்பிவிடும்.

மேகசின் மாற்றுவதில்தான் எல்லாரும் தடுமாறுவோம். இதற்குத் துப்பாக்கி தேவையில்லை, வீட்டிலேயே பழகலாம். நான் மருமகனிடம் ஒரு மடக்குக் குடையைக் கொடுத்தேன். வலது கை குடைப்பிடியில் அசையாமல் இருக்கட்டும். இடது கை மட்டும் முன்னாலிருந்து கிளம்பி, மார்பைத் தாண்டி, வலது அக்குளுக்குக் கீழே போய், மீண்டும் முன்னால் வர வேண்டும். கண் முன்னாலேயே பார்க்கட்டும். நூறு முறை செய். பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அக்கா நினைப்பாள், பரவாயில்லை. குப்புறப் படுத்திருக்கும்போது இது இன்னும் கஷ்டம். மேகசின் தரைக்கும் நெஞ்சுக்கும் நடுவே மாட்டும், உடம்பை இடப்பக்கம் லேசாக உருட்டினால்தான் கை நுழையும். ஒரு சின்ன ஆறுதல்: மேகசின் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக், முப்பது தோட்டா கொள்ளும். எத்தனை மிச்சம் என்று பார்த்தாலே தெரியும்.

டிரிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. எம்16-ல் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இங்கே சுத்தியல் பின்னால் அடிக்கட்டைக்குள். நடுவில் ஒரு நீண்ட தண்டு இழுபட வேண்டும். அதனால் பஞ்சை அமுக்குவதுபோல் தோன்றும். 'டக்' என்று உடையும் இடத்தை எதிர்பார்த்து விரலை இறுக்கினால் குறி நழுவும். ஒரே சீராக அழுத்திக்கொண்டே போங்கள், சத்தம் உங்களுக்கே ஆச்சரியமாக வரட்டும்.

குறிபார்ப்பதிலும் இதே கதை. உடம்பு குட்டை என்பதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே போதுமான தூரம் கிடைக்காது. அதனால்தான் தூக்கும் பிடிக்குள்ளேயே 1.5 மடங்கு காட்டும் கண்ணாடியை வைத்துவிட்டார்கள். ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆவுக் என்ற புல்பப்பும் இதையே செய்தது. மழையில் அது பனி பூத்தால் சட்டைக் கையால் தேய்க்காதீர்கள், மண்துகள் கீறிவிடும். மென்துணி ஒன்றை நெகிழிப் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

தோட்டா அறை உங்கள் கன்னத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்பதைக் கேட்டதும் மருமகன் தோசையை வைத்துவிட்டான். நியாயமான பயம்தான். செய்தவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது: எஸ்ஏஆர் 21-ல் கன்னம் படும் இடத்துக்குள் கெவ்லார் என்னும் உறுதியான இழையால் ஆன தகடு இருக்கிறது, தோட்டா உள்ளே வெடித்தால் வாயு வேறு வழியாக வெளியேறத் துளையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலை வேறு. எம்16-ஐத் தோளிலிருந்து கொஞ்சம் சாய்த்தாலே அறை காலியா என்று எட்டிப் பார்க்கலாம். இங்கே முழுவதும் இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். சோம்பல் படாமல் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். காதடைப்பானையும் மறக்க வேண்டாம். குழல்வாயும் முகத்துக்கு அருகில், தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட் அடிப்பதும் காதுக்குக் கீழே.

சுத்தம் செய்வது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எம்16-ஐவிடச் சுலபம். அது புகையை நேராகப் போல்ட்டின் மேலேயே ஊதிக் கரியாக்கிவிடும். இதில் பிஸ்டன் இருப்பதால் கரியில் பெரும்பகுதி முன்னாலேயே நின்றுவிடுகிறது. கழற்றும் வரிசையை முகாமில் மனப்பாடம் ஆகும்வரை சொல்லித்தருவார்கள்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் புல்பப் வில்லன். சுட்ட தோட்டாவின் காலி உறை வலப்பக்க ஓட்டை வழியாகத் தெறிக்கிறது. இடது தோளில் வைத்தால் அந்த ஓட்டை மூக்குக்கு முன்னால் நிற்கும். பிரிட்டனின் எல்85 புல்பப்பை வலது தோளிலிருந்து மட்டுமே சுட முடியும். ஆவுகில் போல்ட்டை மாற்றிப் பக்கத்தைத் திருப்பலாம். பெல்ஜியத்தின் எஃப்2000 உறையை முன்னால் தள்ளும், பி90 கீழே கொட்டும். எஸ்ஏஆர் 21-ல் உறையைத் திருப்பிவிட ஒரு சிறு தடுப்பு உண்டு. ஆனாலும் எங்கள் பிரிவில் இடதுகைக்காரர்கள் வலது தோளுக்கே மாறிக்கொண்டார்கள். மருமகனும் இடதுகைக்காரன்தான். வலது கண்ணை முன்வைத்துப் பார்க்க இப்போதே பழகு என்றேன்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1901-லேயே தார்னிகிராஃப்ட் கார்பைன் என்று பிரிட்டனில் ஒருவர் செய்துபார்த்தார். 1951-ல் பிரிட்டன்காரர்கள் இஎம்-2 என்ற புல்பப்பை ஏற்றுக்கொண்டு, ஆட்சி மாறியதும் கைவிட்டார்கள். 1977-ல் ஆவுக் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பிரான்சின் ஃபாமாஸ், இந்தியச் சிறப்புப் படைகள் வாங்கிய இஸ்ரேலின் டவோர், சீனாவின் கியூபிஇசட்-95 என்று வரிசை கட்டின. நம்முடையது 1999-ல். இப்போது காற்று திரும்பியிருக்கிறது. பிரான்சும் நியூசிலாந்தும் சீனாவும் பழைய வடிவத்துக்கே போய்விட்டன. நெஞ்சுக் கவசம் போட்டவன் அடிக்கட்டையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், புல்பப்பில் அது முடியாது, உள்ளே இயந்திரம் இருக்கிறதே! இந்த வாதம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் படிக்கட்டு வளைவில் என்னைக் கேட்டால் நான் குட்டையைத்தான் எடுப்பேன்.

கடைசியாக, சுடுதளத்தை விட்டுக் கிளம்பும்போது கையில் தோட்டா எதுவும் இல்லை என்று உறுதிசொல்லச் சொல்வார்கள். அதற்கு முன்னால் சட்டைப் பை, மேகசின் பை, பூட்ஸ் மடிப்பு எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். காலருக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள். இடப்பக்கத்துத் தடத்திலிருந்து தெறித்த சுடு உறை ஒன்று என் முதுகுக்குள் இறங்கி, இடுப்புப் பட்டையில் சிக்கி, லாரி ஏறும்வரை கூடவே வந்திருக்கிறது.