வில்லிசைப் புலவரின் பாட்டு வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடகி வஷ்டி பன்யன் 1970இல் வெளியிட்ட இசைத்தட்டு அன்று விலைபோகவில்லை. 2000இல் அது மறுபடி வெளிவந்த பிறகே பலரும் அவரைத் தேடினார்கள், 2005இல் அடுத்த தொகுப்பும் வந்தது. தட்டு எஞ்சியிருந்ததால் அவரைக் கண்டெடுக்க முடிந்தது. அதே ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் தாமே பாட்டுக் கட்டிக் கொடைதோறும், அதாவது ஊர்க் கோயில் விழாதோறும், பாடிய அண்ணாவிகள் (வில்லிசைக் குழுவின் தலைமைப் பாடகர்கள்) பலருக்கு அப்படி ஒரு தட்டும் கிடையாது.

ஆகவே, கொடை நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள். ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பசைபோட்டு ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸில், நையாண்டி மேளத்துக்குக் கீழே வில்லிசைக்காரர் பெயரும் ஊரும் தெளிவாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். நோட்டீஸில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) மட்டும் இருந்தால், அந்த ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆங்கில ஆண்டை அறியப் பங்குனி, சித்திரை, ஆடிக் கொடைகளுக்கு 825ஐக் கூட்ட வேண்டும். 1145 ஆடி என்பது 1970. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 போதும்.

அண்ணாவியிடம் வருடத்தைக் கேட்டால் தடுமாறுவார். எந்த ஊர்க் கொடை, அன்று குடம் அடித்தது யார் என்று கேட்டால் சொல்லிவிடுவார். குடக்காரரையும் உடுக்கைக்காரரையும் பின்பாட்டுக்காரரையும் தனித்தனியே பார்த்துப் பேசுவது அவசியம்.

கடினமான வேலை, அவர் சொந்தமாகக் கட்டியது எது என்று பிரிப்பதுதான். சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் வழிவழியாக வருபவை. அவருடைய கைவண்ணத்தைக் தொடக்க வணக்கமான காப்பு, நாட்டு வளம், முடிவில் வரும் வாழிப் பகுதிகளில் தேடி, அதே பகுதியை வேறொரு குழுவினர் பாடுவதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டு நோட்டை அட்டை முதல் அட்டை வரை படமெடுங்கள். கடைசிப் பக்கங்களில் குறித்திருக்கும் அச்சாரத் தொகையும் ஊர்ப் பெயர்களும் பாட்டளவுக்கு முக்கியமானவை.

கொடை இரவில் ஒருமுறையும், குடத்தின் அதிர்வு குரலை மூடாதபடி வீட்டில் ஒருமுறையும் பதிவு செய்யுங்கள். சாமி வரும் கட்டத்தைக் கோயிலுக்கு வெளியே பாட மாட்டேன் என்று அண்ணாவி சொன்னால், வற்புறுத்தவே கூடாது. அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகு, பதிவின் ஒரு படியை அவர் வீட்டிலும், மற்றொன்றைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையிலும் கேட்டு ஒப்படையுங்கள்.