பாறைச் சுவர் நிற்குமா? கணக்குப் போடும்போது கோட்டை விடும் இடங்கள்

பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பல்லாரிப் பக்கத்துத் திறந்தவெளி இரும்புத்தாதுச் சுரங்கங்களின் சரிவான பாறைச் சுவர் நிற்குமா என்று கணக்குப் போடுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். சாஃப்ட்வேரில் எல்லாருமே கெட்டி, ஆனால் தவறு பெரும்பாலும் அதைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

துளைபோட்டு எடுத்த உருளைக் கல்லை (கோர் மாதிரி) ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்து, '150 மெகாபாஸ்கல் தாங்குது, அப்புறம் என்ன' என்று நிம்மதியாகிவிடுவது முதல் தவறு. கெட்டிப் பாறையில் பெஞ்ச் (சுவரில் வெட்டிய படிக்கட்டு) சரிவது பெரும்பாலும் கல் நொறுங்கி இல்லை, ஏற்கெனவே உள்ள ஜாயின்ட் (பாறையில் இயற்கையாக உள்ள விரிசல்) வழியாக வழுக்கித்தான். அது எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, இடுக்கில் களிமண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை அளக்கப் போகிறவர்கள் ஒரே முகப்பில் டேப்பை நீட்டி வைத்து, அதை வெட்டும் ஜாயின்ட்களை மட்டும் குறித்துவிட்டு வருவார்கள். டேப்புக்கு இணையாக ஓடும் ஜாயின்ட் தொகுதி கணக்கிலேயே வராது, சுவரை இழுத்துக்கொண்டு வருவதோ பல நேரம் அதுதான். வேறு திசையில் இருக்கும் முகப்பிலும் அளந்தே ஆக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும். 30 டிகிரி சாய்ந்த ஒரு ஜாயின்ட், உராய்வுக் கோணம் (ஒட்டாத காய்ந்த கல் வழுக்கத் தொடங்கும் சாய்வு) 38, ஒட்டும் தன்மை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி (தாங்கும் விசையைச் சரிய வைக்கும் விசையால் வகுத்தது, 1-க்குக் கீழே போனால் சரியும்) 1.35 வரும், அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும். மேலே இருக்கும் பாறைப் பாளத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி, சரிவுக்கு இணையாக ஓடினால் 1.1. முழுக்க ஏறினால் 0.84, அதாவது சுவர் அங்கே நிற்காது. மார்ச் மாதத்தில் போய்ப் பார்த்து 'உலர்ந்த சரிவு' என்று எழுதியவர் ஆகஸ்டில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். பாறைக்குள் தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரைச் செலவு என்று தள்ளிப்போடுகிறவர்கள் அந்தத் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் துளையையும் தள்ளிப்போடுவார்கள்.

மேலே லேட்டரைட் (செம்பாறை), நடுவில் தாது, அடியில் மக்கிப்போன ஷேல் (களிப்பாறை) என்று இருக்கும் சுவருக்குப் பாறையின் தரத்துக்கான ஒரே சராசரி மதிப்பெண் போடுவதும் வேண்டாம். வெடி வைத்ததால் வரும் சேதத்தை மறப்பது ஒரு தவறு என்றால், முகப்பை ஒட்டிய அந்தச் சேதத்தைச் சுவரின் உள்ளே முழுவதற்கும் போட்டுக் காட்டுவதும் தவறுதான்.

கண்காணிப்புக்கு வருவோம். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள், வேகம் கூடுகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் பிங்கம் கேன்யன் செம்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று பிரம்மாண்டமான சரிவு நடந்தும் ஒருவருக்கும் காயமில்லை. நகர்வை முன்பிருந்தே கவனித்துவந்து, ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை: ஜார்க்கண்டின் ராஜ்மஹால் நிலக்கரிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று நடந்த சரிவில் 23 பேர் இறந்தார்கள்.

சுவரின் நகர்வை அளக்கும் ரேடார் வாங்கிவிட்டோம் என்பதோடு வேலை முடியாது. எந்த வேகத்தைத் தாண்டினால் ஷவலை (தோண்டும் இயந்திரத்தை) நிறுத்துவது, ராத்திரி ஷிஃப்டில் அதை யார் சொல்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மேனேஜருக்கு போன் போட்டு அனுமதி கேட்கும் நிலையில் ஃபோர்மேனை வைக்காதீர்கள்.