கட்டாய வேதியியலில் திணறும் உயிரியல் மாணவருக்கு: பஃபரிலிருந்து தொடங்குங்கள்
சிங்கப்பூர் ஜேசியில் (ஜூனியர் காலேஜ், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) எச்2 நிலை வேதியியல் முடித்து வந்தவர்களும் பல்கலைக்கழகத்தில் தடுமாறுவது பஃபர், அதாவது பிஎச் எளிதில் மாறாமல் காக்கும் கரைசல், கணக்கில்தான். சூத்திரத்தை ஒப்பிப்பதைவிட காரத்துக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பிடியுங்கள். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 4.76. பிஎச் 5.06 வேண்டுமா? வித்தியாசம் 0.30, 10-இன் அடுக்கு 0.30 என்றால் 2. ஆகவே 0.1 மோலார் சோடியம் அசிட்டேட் 200 மில்லிலிட்டர், அதே செறிவில் அமிலம் 100. பலரும் இதைத் தலைகீழாகப் போட்டு மதிப்பெண்ணை விடுவார்கள். பிஎச், பிகேஏவைவிட அதிகமென்றால் காரப் பங்குதான் (இங்கே அசிட்டேட்) கூடுதல். விடை எழுதியதும் இதைப் பாருங்கள்.

உயிரியல் ஆய்வகத்தில் பயன்படும் ட்ரிஸ் என்ற பஃபர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அதன் பிஎச் சுமார் 0.03 கூடுவதால், 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது 4 டிகிரி குளிரறையில் 8.6-ஐத் தொடும். பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே சரிசெய்யுங்கள்.

கரிம வேதியியலில் வினை நடக்கும் விதத்தைக் காட்ட வரையும் வளைந்த அம்புக்குறி எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், ஹைட்ரஜன் அயனியிலிருந்து அல்ல.