பிஸ்டன் கைக்கு வரும் முன்னே பிளாக்கை லேத்துக்கு அனுப்பாதீர்கள்

நங்கநல்லூர் வீட்டு போர்ட்டிகோவில் என் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின் எட்டு மாதம் பிரிந்து கிடந்தது. உருப்படியாக வேலை நடந்த நாட்கள் முப்பதுகூடத் தேறாது. மற்ற நாட்களெல்லாம் பாகத்துக்காகக் காத்திருந்ததும், போட்டதைத் திரும்பக் கழற்றியதும்தான். ஆகவே கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் என் கைப்பட நடந்தவை.

என்ஜினை இறக்குவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. செயின் பிளாக்கை வாடகைக்கு எடுங்கள், முக்காலி ஸ்டாண்டும் சேர்த்து. கார் பார்க்கிங் சீலிங் கொக்கியிலோ மாமரக் கிளையிலோ மாட்டாதீர்கள்.

பிரிக்கும்போது வரும் அலட்சியம்தான் முதல் வினை. மெயின் பேரிங் மூடிகள் மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் உள்ள என்ஜின் உடலில், பூட்டி வைத்துத்தான் அவற்றின் துளையைக் கடைந்திருப்பார்கள். இடம் மாறினாலோ முன்பின் திரும்பினாலோ கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இறுகிப் பிடிக்கும். பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு மூடிக்கும் இதே கதைதான். கழற்றும் முன் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடித்துவிடுங்கள். மார்க்கர் பேனாவை நம்பாதீர்கள், கழுவும்போதே போய்விடும். புஷ் ராடுகளை ஒரு அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தால் போதும்.

அடுத்தது, நான் ஆடிப்போன இடம். சிலிண்டர் தேய்ந்திருக்கிறது, போர் அடிக்க வேண்டும், அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைய வேண்டும் என்று முடிவானதும் ஒரு ஆட்டோவில் பிளாக்கை ஏற்றிக்கொண்டு லேத்துப் பட்டறைக்குப் போய்விட்டேன். பட்டறைக்காரர் பிளாக்கைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்தார்.

“பிஸ்டன் எங்க சார்?”

“நீங்க இருபது ஓவர் அடிச்சிடுங்கண்ணா, நான் அப்புறம் வாங்கிக்கிறேன்.”

“அடிச்சிடலாம். நாளைக்கு இருபது கிடைக்கலைன்னா, அடிச்ச இரும்பைத் திரும்ப ஒட்டித் தருவீங்களா?”

ஓவர் சைஸ் பிஸ்டன் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, நாற்பது என்று வருவதால் இது வெறும் கணக்கு என்று நினைத்துவிட்டேன். கடையில் எந்த சைஸ் இருக்கிறதோ அதை வைத்துத்தான் எவ்வளவு கடைவது என்பதே முடிவாகும். அதோடு, ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் நல்ல பட்டறையில் கடைவார்கள். கிராங்க் கிரைண்டிங்கிலும் அப்படித்தான், தேய்த்துச் சிறுத்த கிராங்குக்கு ஏற்ற அண்டர் சைஸ் பேரிங் கையில் இருக்க வேண்டும். ஜி.பி. ரோட்டில் நாலு கடை, புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டுப் பிறகு பட்டறைக்குப் போங்கள். அம்பாசிடருக்காவது தேடினால் கிடைக்கும். நம் ஊரிலேயே வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள், 948 சிசிக்குப் பிஸ்டன் செட் கிடைக்கும்வரை என்ஜினில் ஸ்பேனரே வைக்காமல் இருப்பது உத்தமம்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் என் என்ஜினை இரண்டாம் முறை பிரிக்க வைத்தது இதுதான். போர் அடித்து, ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்து வந்த பிளாக்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன். பளபளவென்று இருந்தது. ஹோனிங் கல்லின் பொடி, சிலிண்டர் சுவரில் விழுந்த குறுக்குக் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பிசுக்கைக் கரைக்குமே தவிர அந்தப் பொடியைக் கிளப்பாது. 200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஆயில் பிரஷர் முள் இறங்க ஆரம்பித்தது. சம்ப்பை, அதாவது என்ஜினின் அடி எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால், அடியில் நின்ற எண்ணெயில் ஜரிகை மாதிரி மினுமினுப்பு. புது பேரிங் முகமெல்லாம் கீறல்.

வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும்தான் வேண்டும். ஆயில் போகும் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே நீளப் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு சிலிண்டரில் லேசாக எண்ணெய் தடவி, பழைய வெள்ளை வேட்டித் துண்டால் துடையுங்கள். துண்டு சாம்பலாக வந்தால் மறுபடி சோப்பு. எனக்கு ஐந்தாவது தடவைதான் வெள்ளையாக வந்தது. பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது, அதன் நூல் ஆயில் சல்லடையில் போய்ச் சிக்கும். கழுவியதும் உடனே ஈரத்தை ஊதிவிட்டு எண்ணெய் பூசுங்கள். கார்த்திகை மாதத்துச் சென்னை ஈரத்தில், ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் சிலிண்டர் செம்மண் நிறமாகிவிடும்.

பாக்கிங் வைக்கும் இடமெல்லாம் சிலிக்கான் பசையைப் பிதுக்குவது நம் ஊர் வியாதி. வெளியே வழிவதைத் துடைக்கிறோம். உள்ளே வழிந்தது உதிர்ந்து அதே சல்லடைக்குத்தான் போகும்.

ரிங்கை அப்படியே பிஸ்டனில் மாட்டாதீர்கள். முதலில் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். ஓர் அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் நாலு என்பது பொதுக் கணக்கு. ‘டாப்’ என்று பொறித்த பக்கம் மேலே வர வேண்டும். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். “கைக்கே தெரியும் சார்” என்பவரிடம் ரெஞ்சைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2000-லிருந்து ஈயம் கிடையாது. இரும்பு ஹெட்டில் நேரடியாக வெட்டிய, எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் சீட்டுக்கு ஈயம்தான் மெத்தையாக இருந்தது. ஹெட் பட்டறையில் இருக்கும்போதே கடினமான சீட் ரிங் அடித்துவிடுங்கள். இப்போது 20 சதவீதம் எத்தனாலும் கலந்து வருவதால் பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனாலுக்குத் தாங்குவதாகப் பார்த்து மாற்ற வேண்டும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம். குழாய்க்குள் படியும் உப்பு என்ஜினுக்குள்ளும் படியும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடியுங்கள். புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) போட்டிருந்தால் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் பக்கம் இருபது நிமிடம் ஓட வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் மாடி வீட்டுப் பாட்டி மூன்று முறை எட்டிப் பார்த்தார். 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினேன். பழைய எண்ணெயை அதே வேட்டியின் மிச்சத் துண்டில் வடிகட்டி, வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். இந்த முறை எதுவும் மின்னவில்லை.