"என்ன ஆகப் போற?" என்று கேட்பதற்கு முன்

வட சென்னை காசிமேட்டில் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளையிடம் பேரைக் கேட்ட கையோடு எல்லாரையும்போல நானும் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவேன்: "பெரியவனானதும் என்ன ஆகப் போற?" ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர் மகன், யோசிக்கவே இல்லை. "கலெக்டர் சார்." கலெக்டர் என்ன வேலை செய்வார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தான். "கார்ல வருவாரு சார்."

எல்லாரும் சிரித்தோம். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் பார்த்த கலெக்டர் அவ்வளவுதான். கோளாறு கேள்வியில் இருக்கிறது என்று புரியத்தான் எனக்கு நாளானது. "என்ன ஆகப் போற" என்றால் பிள்ளை ஒரு பதவியின் பேரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பேருக்குப் பின்னால் தினமும் என்ன வேலை நடக்கிறது, அது தனக்குப் பிடிக்குமா என்பதெல்லாம் கேள்விக்குள்ளேயே வராது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி ரோட்ஸும் குழுவினரும் 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சின்னக் குழந்தைகளில் சிலரிடம் "வா, விஞ்ஞானியாக இருக்கலாம்" என்றும், மற்றவர்களிடம் "வா, அறிவியல் செய்யலாம்" என்றும் சொல்லிவிட்டு ஒரு அறிவியல் விளையாட்டைக் கொடுத்தார்கள். "செய்யலாம்" என்று கேட்ட பெண் குழந்தைகள் அதை விடாமல் தொடர்ந்தார்கள். 'விஞ்ஞானி' என்றதும் நம்மைப் போன்ற ஆள் இல்லை என்று ஒரு பெண் குழந்தைக்குத் தோன்றிவிட இடமுண்டு. செய்வதற்கு அந்தத் தடை கிடையாது. நான்கு வயதிலேயே இப்படி என்றால், நம் தெருக்களில் பன்னிரண்டு வருடம் 'ஆகு, ஆகு' என்றே கேட்டு வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

என் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை செய்தார். தெருவில் அவருக்குப் பேரே 'மில்லுக்காரர்'தான். 1990-களில் மில்லை இழுத்து மூடினார்கள். அதற்கப்புறம் தான் யார் என்றே தெரியாமல் இரண்டு வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் ஓடவில்லை என்று பிரித்துப் பார்த்தார், அதிலிருந்து சாகும்வரை அந்தத் தெருவின் மெஷினெல்லாம் அவர் கையில்தான். பேர் போனாலும் கைவேலை போகவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மில் எங்கே இருந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்த தவறை நான் செய்தேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத ஒருவனைத் திட்டும்போது, "இப்படியே இருந்தா ஹார்பர்ல மூட்டை தூக்கத்தான் போவே" என்றேன். திட்டு அவனுக்கு, அடி விழுந்தது இரண்டாவது வரிசையில் இருந்த பெண்ணுக்கு. அவள் அப்பா ஹார்பரில் லோடுமேன். நான்கு நாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவள் அம்மா சொன்னார்: "மூட்டை தூக்குற துட்டுலதான் சார் அதுக்கு நோட்டு வாங்குறோம்." எனக்குப் பதில் வரவில்லை.

மீன் விக்கத்தான் போவே, ஆட்டோ ஓட்டத்தான் போவே என்று நாம் வாய் கூசாமல் சொல்வதெல்லாம் இந்த வகைதான். படிப்பா அப்பாவா என்று பிள்ளையை ஒரு பக்கம் சேரச் சொல்கிற மிரட்டல் இது. நிறையப் பிள்ளைகள் அப்பா பக்கம்தான் சேரும், அதில் ஆச்சரியம் என்ன? இதற்காக மூட்டை தூக்குவது சுகமான வேலை என்று கதை விடவும் வேண்டாம். அந்த அப்பாவே மகளிடம் "முதுகு போச்சும்மா, நீ வேற வேலைக்குப் போ" என்கிறார். அவர் வாயில் அது அக்கறை, என் வாயில் ஏளனம்.

ஏரியா விஷயத்தில் இரண்டு எதிரெதிரான தவறுகளைப் பார்க்கிறேன். வியாசர்பாடி என்று சொல்லாதே, 'பெரம்பூர் பக்கம்' என்று சொல் என்று இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவது ஒன்று. சினிமா நம் பேட்டைகளுக்கு ஒட்டிவைத்த ரவுடி முகத்தைப் பார்த்தால் அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சொந்த முகவரியை மறைத்துக்கொண்டு உள்ளே போகிற பிள்ளை பாதித் தைரியத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போகும். இன்னொன்று இதற்கு நேரெதிர்: நம்ம பையன் என்றால் பாக்சிங், ஃபுட்பால், கேரம், கானா என்று பெருமையாகவே ஒரு வேலி போடுவது. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியபோது நானும்தான் துள்ளினேன். ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பாவே கேரம் சொல்லிக்கொடுப்பவர். கண்ணெதிரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆள் இருந்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு தெருவில் இருக்கிற பெண்களையெல்லாம் கேரம் போர்டு முன்னால் உட்கார வைத்தால் என்ன நியாயம்?

பெண் வேலை, ஆண் வேலை என்று பிரிப்பதைப் பற்றி ஒன்று மட்டும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பிள்ளைகள் 6 முதல் 8 வயதிலேயே 'இது எங்களுக்கில்லை' என்று வேலைகளைக் கழிக்க ஆரம்பிக்கிறார்கள். 9 வயதுக்கு மேல், ஊர் மதிக்காத வேலைகளும் எட்டாது என்று தோன்றுகிற வேலைகளும் கழிகின்றன. பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போது நாம் கவுன்சிலிங்குக்கு ஓடுகிறோம். அதற்குள் பாதி லிஸ்ட் காலி.

குரூப் என்றதும் பணம் சம்பந்தப்பட்ட ஒரு தவறும் ஞாபகம் வருகிறது. அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை, 'பெரிய ஆளாகணும்' என்று ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-இல் வந்தது, பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021-இல். பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் வெளியே போனால் அது கைநழுவிவிடும். மாற்றுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனால் படிப்பு அதோடு முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். டிப்ளமோ முடித்தால் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர வழியிருக்கிறது.

சரி, "என்ன ஆகப் போற" வேண்டாமென்றால் வேறு என்ன கேட்பது? நான் இப்போது கேட்பது: "இந்த வாரம் யாரு வேலை செய்யறதை ரொம்ப நேரம் நின்னு பார்த்தே?" கார்ல வருவாரு என்று சொன்ன அந்தப் பையனிடமே கேட்டேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள், பள்ளி லீவும் அப்போதுதான். படகெல்லாம் ரிப்பேருக்கு நிற்கும். அவன் அப்பாவோடு போய் அங்கேயே கிடந்திருக்கிறான். ஒரு படகு மறுபடி கடலுக்குப் போக யார் யார் வேலை செய்ய வேண்டும், எழுதிக்கொண்டு வா என்றேன்.

வெல்டர், தச்சர், பெயின்டர், இன்ஜின் மெக்கானிக், வலை தைப்பவர்கள், ஜி.பி.எஸ்ஸும் வயர்லெஸ்ஸும் பார்க்கிற ஆள், டீசல் பங்க், ஐஸ் கம்பெனி, கணக்கு எழுதுபவர் என்று இரண்டு பக்கம் எழுதிவந்தான். இன்ஜினைப் பற்றி மட்டும் அரைப் பக்கம். லிஸ்டைச் சத்தமாகப் படித்து முடித்ததும் பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: "உன் கலெக்டர் எங்கடா காணோம்?"

அவன் பேப்பரைத் திருப்பிப் பார்த்தான். "தடைக்காலத்துக்கு நிவாரணம் தராங்கல்ல, அதுக்கு பேர் லிஸ்டை யாராவது ஆபீஸ்ல உட்கார்ந்து சரிபார்க்கணும்ல," என்றான். "போன வருஷம் எங்க அப்பா பேரு விட்டுப்போச்சு." அப்புறம் பேனாவை வாங்கி, ஐஸ் கம்பெனிக்குக் கீழே அதையும் எழுதினான்.